வேகத் தண்டம் வந்தால் மனு எழுதாதீர்கள், படிவத்தை நிரப்புங்கள்

எங்கள் அப்பா இலங்கையில் மாவட்டக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் ஒருவருக்குக் காணிப் பிரச்சினை, பென்சன் பிரச்சினை என்றால் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் வந்து இருப்பார்கள். அப்பா ஃபுல்ஸ்காப் தாளை எடுத்து, பேனையை இரண்டு தரம் உதறிவிட்டு, "மாண்புமிகு ஐயா" என்று தொடங்குவார். அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு பெருமை இருந்தது. 2025இல் அந்தப் பெருமையால்தான் என் லைசென்ஸ் போனது. இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ புதிதாக வந்து கார் ஓடத் தொடங்கியிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2024 ஆவணி மாதம் வேல்ஸில் உள்ள ஸ்கந்த வேல் முருகன் கோயிலுக்குப் போனோம். லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அந்த வழி தெரியும்: எம்4 பிடித்து, பெரிய பாலம் தாண்டி, கார்மார்தன் வரைக்கும் போய், பிறகு லான்பம்சைன்ட் பக்கமாகச் சின்ன ரோட்டுகள். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு கார் போக இடம், ரோட்டில் வெள்ளை எழுத்தில் 'அராவ்'. மெதுவாகப் போ என்பதற்கு வெல்ஷ் சொல் அது. மோட்டர்வேயில் மனைவி ஓடினாள், சேர்விஸில் கோப்பி குடித்துவிட்டு நான் மாறினேன். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது சின்னவன் பின்னால் வாந்தி எடுத்தான். மனைவி திரும்பி அவனைப் பார்க்க, நான் கண்ணாடியில் பார்க்க, வாசலில் நின்ற 20 பலகையை ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே தெருவிளக்குகள் இருந்தன. தெருவிளக்கு இருந்து வேறு பலகை இல்லை என்றால் 30 மைல் என்று தியரி டெஸ்டுக்குப் பாடமாக்கியவன் நான். முள்ளைப் பார்த்தேன், 29. சட்டத்துக்குள்தான் போகிறேன் என்று ஒரு திருப்தி வேறு.

அந்த விதி இங்கிலாந்துக்கு. 2023 செப்டம்பர் 17 முதல் வேல்ஸில் அதே தெருவிளக்குக்கு 20 மைல். அதை எதிர்த்து நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்து வைத்து அவர்களின் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். சில வீதிகள் 30க்குத் திரும்பின, சட்டம் அப்படியே இருக்கிறது. நாலரை லட்சம் பேரின் மனுவுக்கே அந்தக் கதி என்றால் என்னுடைய ஒற்றை மனுவுக்கு என்ன நடந்திருக்கும்?

ஊரில் என்றால் மர நிழலில் ஒரு பொலிஸ்காரர் நிற்பார். எதிரே வருகிறவன் லைட் அடித்துக் காட்டியும் கவனிக்காமல் போய் மாட்டுவோம். "சேர், தெரியாமல் வந்திட்டன்" என்று தொடங்கினால் ஒரு கதை நடக்கும். சரிவராவிட்டால் லைசென்ஸை வாங்கிக்கொண்டு துண்டு தருவார். தபால் கந்தோரில் தண்டம் கட்டி ரசீதைக் காட்டினால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். எப்படியும் முகத்தைப் பார்த்துக் கதைக்க ஒரு மனிதன் இருப்பான். இங்கே கடிதம்தான் வரும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கமராவில் பட்டால் காரின் பதிவில் உள்ளவருக்குப் பதினாலு நாளுக்குள் 'வழக்குத் தொடர உத்தேசம்' என்ற அறிவித்தல் வரவேண்டும். அதோடு சேர்ந்து வருவது செக்ஷன் 172 படிவம்: அந்த நேரம் ஓடியது யார்? 28 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். பதில் போன பிறகுதான் என்ன தண்டனை என்ற கதையே வரும். வேகம் கொஞ்சம்தான் கூட என்றால், கடைசி மூன்று வருடத்துக்குள் போயிராவிட்டால், வேக விழிப்புணர்வு வகுப்புக்கு அழைப்பார்கள். கிட்டத்தட்ட நூறு பவுண்ஸ், கணினிக்கு முன்னால் இரண்டரை மூன்று மணித்தியாலம், லைசென்ஸில் குற்றப் பாயிண்ட் ஏறாது. அதுக்குத் தகுதி இல்லாவிட்டால் 100 பவுண்ஸும் 3 பாயிண்டும். அதையும் ஏற்காவிட்டால் கோர்ட். 20இல் 29 என்பது வகுப்புக்குப் போகிற கணக்கு. எனக்கு ஒரு சனிக்கிழமை காலை மட்டும்தான் போயிருக்கும்.

நான் செய்தது என்ன? படிவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று பக்கம் டைப் அடித்தேன்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், ஒரு பிழை கிடையாது. குழந்தையின் வாந்தி, மழை, வேலி மறைத்த பலகை, ஊர் புதிது, இருபது வருடமாக ஒரு விபத்தும் இல்லாமல் வாகனம் ஓடிய வரலாறு, எல்லாம் இருந்தது. ஆனால் அப்பாவின் நடையில் எழுதியதால் மூன்று பக்கத்திலும் ஒரு இடத்தில்கூட 'நான்' வரவில்லை. "எமது வாகனம் மேற்படி கிராமத்தினூடாகச் செல்கையில்", "நாம் அறியாமையினால்" என்ற மாதிரியே போகிறது. மரியாதைக்காக எழுதிய பன்மை. வாசிக்கிறவருக்கு அந்த 'நாம்' யார்? நானா, மனைவியா? அவர்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி. மூன்று பக்கத்தில் அதற்கு மட்டும் பதில் இல்லை.

இரண்டு கிழமையில் ஒரு பதில் வந்தது. விளக்கங்களை இந்தக் கட்டத்தில் பரிசீலிக்க முடியாது, படிவத்தை நிரப்பி அனுப்பவும் என்று நாலு வரி. நானோ, என் கடிதத்தை இன்னும் மேலே உள்ள ஆரும் வாசிக்கவில்லை, வாசித்தால் விளங்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கடிதம் போட்டேன். 28 நாள் போய்விட்டது. மாசிக் குளிரில் ஒரு தடித்த கவர் வந்தது, ஒற்றை நீதவான் நடைமுறை அறிவித்தல். நாங்கள் கோர்ட்டுக்குப் போகாமல், தாள்களை மட்டும் பார்த்து ஒரு நீதவான் தீர்க்கிற வழக்கு அது. உள்ளே இரண்டு குற்றச்சாட்டு: ஒன்று வேகம், மற்றது சாரதியின் விவரம் தரத் தவறியது. பதிலுக்கு 21 நாள்.

இங்கேதான் இரண்டாவது தரம் விழுந்தேன். வேகத்துக்கு 'குற்றவாளி அல்ல' என்று போட்டேன், ஏனென்றால் அது தெரியாமல் நடந்தது. படிவம் அனுப்பாததற்கு 'குற்றவாளி' என்று போட்டேன், அது உண்மைதானே, ஒப்புக்கொண்டால் இரங்குவார்கள் என்று. சரியாகத் தலைகீழ். ஓடியது யார் என்பதற்கு ஆதாரம் இல்லாததால் வேகக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மற்றதற்கு ஆறு பாயிண்ட். தண்டம், அதன் மேல் சர்சார்ஜ், வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து அரை மாத வாடகைக்கு மேல் போனது.

செக்ஷன் 172 என்பது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் உள்ளது. அதை மீறினால் ஆறு பாயிண்ட், ஆயிரம் பவுண்ஸ் வரை தண்டம். வேகத்துக்கு மூன்று, வாய் திறக்காததற்கு ஆறு. தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்வது நியாயமா என்று சிலர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007இல் அங்கேயும் தோற்றார்கள். அதனால் "எனக்கு மௌனம் காக்க உரிமை இருக்கு" என்று யூடியூப்பில் படித்துவிட்டு வருகிற மச்சான்மாரை நம்ப வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். படிவம் வந்த அன்றே நிரப்புங்கள். ஓடியவரின் முழுப் பெயர், விலாசம், பிறந்த திகதி, லைசென்ஸ் இலக்கம், கடைசியில் கையெழுத்து. கையெழுத்து இல்லாவிட்டால் நிரப்பாத படிவம் மாதிரித்தான். ஒன்லைனில் அனுப்பினால் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் எடுங்கள், தபால் என்றால் அனுப்பிய அத்தாட்சி வாங்குங்கள். யார் ஓடியது என்று உண்மையிலேயே நிச்சயமில்லாவிட்டால் படம் கேட்கலாம். அதற்காக 28 நாள் நிற்காது. படத்தில் காரின் பின்பக்கம் மட்டும் இருக்கவும் கூடும்.

"தெரியாமல் நடந்தது" என்பது வேகக் குற்றத்துக்கு எதிர்வாதமே அல்ல. 29இல் போனீர்களா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. உங்கள் மனதில் என்ன இருந்தது என்று சட்டம் கேட்பதில்லை. எங்களுக்கு இது ஜீரணிக்கக் கஷ்டம், நாங்கள் நியாயத்தைக் கதைத்துத் தீர்க்கிற ஆட்கள். அந்தக் கதைக்கு இடமே இல்லை என்றும் இல்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் நாலு வரி எழுதலாம், தண்டப் பணம் குறையலாம். மூன்று பாயிண்ட் மிக அபூர்வமாகத்தான் தவிரும்.

உண்மையில் எதிர்க்க முடிந்தவை வேறு. ஓடியது நீங்கள் இல்லை, உங்கள் நம்பர் பிளேட்டை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள், பதிவுக்காரருக்கு முதல் அறிவித்தல் பதினாலு நாள் தாண்டி வந்தது, பலகைகள் விதிப்படி இல்லை. இந்தக் கடைசி விசயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'பலகையே இல்லை' என்று சொல்லித் தப்பலாம் என்பது பெரும்பாலும் தெருவிளக்கு இல்லாத ரோட்டுக்குத்தான் பொருந்தும். 200 யார் தூரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் விளக்கு நின்றால் அந்த விளக்கே பலகை. இங்கிலாந்தில் 30, வேல்ஸில் 20, இடையிடையே ஞாபகப்படுத்த ஒரு வட்டமும் நட மாட்டார்கள். ஆகவே வேல்ஸில் முதல் விளக்குக் கம்பத்தைக் கண்டதும் காலை எடுங்கள். பத்து வீதமும் இரண்டும் கூடலாம் என்ற கணக்கு பொலிசுக்கான வழிகாட்டல் மட்டும்தான், உங்களுக்கு உரிமை இல்லை.

எனக்கு வந்த மாதிரி இரண்டு குற்றச்சாட்டும் சேர்ந்து வந்துவிட்டால் இணையத்தில் அவசரப்பட்டு ஒன்றையும் அமத்தாதீர்கள். ஓடியது நீங்கள்தான் என்றால், வேகத்தை ஒப்புக்கொள்கிறேன், மற்றதைக் கைவிடுங்கள் என்று வழக்குத் தரப்பிடம் கேட்கலாம். பல இடங்களில் சம்மதிப்பார்கள். அது உரிமை இல்லை, ஆனால் வழமை. வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணித்தியாலம் கதைக்கிற காசு ஆறு பாயிண்டை விட மலிவு.

படிவம் வந்த கிழமை ஈஸ்ட்ஹாமில் இருக்கிற என் சித்தப்பா சொன்ன யோசனையையும் சொல்லிவிடுகிறேன். "மனுசியின்ட பேரைப் போடு தம்பி. அவவுக்கு ஒரு பாயிண்டும் இல்லைத்தானே. பாதி வழி அவதானே ஓடினவ." அன்பில் சொன்னார். கிறிஸ் ஹியூன் என்று பிரித்தானியாவில் ஒரு மந்திரி இருந்தார். 2003இல் தன் வேகப் பாயிண்டை மனைவி விக்கி பிரைஸின் தலையில் போட்டார். பத்து வருடம் கழித்து, 2013இல், இரண்டு பேருக்கும் ஆளுக்கு எட்டு மாதச் சிறை. மந்திரிக்கே அது என்றால் எங்களுக்கு விசாவும் சேர்ந்து போகலாம். அந்த ஒரு விசயத்தில் மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

ஆறு பாயிண்ட் என்றால் பழைய சாரதிக்குத் தலையிடி. புதிதாக வந்தவருக்குக் கழுத்தறுப்பு. ஊர் லைசென்ஸில் பன்னிரண்டு மாதம் ஓடலாம், பிறகு இங்கே டெஸ்ட் எடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்த குற்றங்களுக்கு ஆறு பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. நான் டெஸ்ட் பாஸ் பண்ணியது 2023 பங்குனியில். இருபது வருடம் ஊரில் லொறி முதல் லாண்ட்மாஸ்டர் வரை ஓடியவன், திரும்பவும் தியரி, திரும்பவும் டெஸ்டுக்கு வரிசை, விடிய நாலு மணி வேலைக்கு நைட் பஸ். இன்சூரன்ஸ்காரரோ வேகத்துக்குப் போடுகிற எஸ்.பி.30 குறியீட்டை விட, சாரதி விவரம் தராததற்குப் போடுகிற எம்.எஸ்.90 என்ற குறியீட்டைக் கண்டால்தான் கூட முகம் சுளிக்கிறார்கள். விலையைக் கேட்டதும் நான் போனை வைத்துவிட்டேன்.

இன்னொன்று. அறை மாறி அறை மாறி இருக்கிறவர்கள் லைசென்ஸில் விலாசம் மாற்றினால் கார்ப் புத்தகத்திலும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. வி5சி என்ற கார்ப் புத்தகம் தனி, லைசென்ஸ் தனி, இரண்டையும் சாரதி, வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வில் மாற்றுங்கள், காசு கேட்க மாட்டார்கள். பழைய வீட்டுக்காரர் உங்கள் கடிதத்தைக் கதவுக்குப் பின்னால் குவித்து வைத்திருப்பார், 28 நாள் அங்கேயே ஓடிவிடும்.

போன மாதம் திரும்பவும் கோயிலுக்குப் போனோம். எல் பலகை போட்டவன் தன் சொந்தக் காரில் மோட்டர்வேயில் ஓட முடியாது, பக்கத்தில் மனைவி இருந்தாலும் முடியாது. கார்மார்தன் வரை அவள் ஓட, அதற்குப் பிறகு நான் ஓடினேன். அதே கிராமம், அதே முதல் விளக்கு. பின்னால் ஒரு டிராக்டர்க்காரன் முட்டுமாப்போல் வந்து லைட் அடித்தான்.

"இஞ்சாருங்கோ, அவன் அடிச்சா அடிக்கட்டும். பத்தொன்பதில போங்கோ."

பத்தொன்பதில் போனேன். சின்னவன் நித்திரை.