ஒய்ஃபை பிரிண்டர் செட்டப்: முதல்ல ஐபி அட்ரஸை புடிங்க, டிரைவர் அப்புறம்

புது பிரிண்டர் வந்ததும் எல்லாரும் நேரா கம்ப்யூட்டர்ல டிரைவர் (கம்ப்யூட்டர் பிரிண்டரோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) போட உக்காந்துடுறாங்க, அது ரெண்டாவது வேலைங்க. பிரிண்டர் ரவுட்டரோட சரியா சேரலைன்னா டிரைவரை எத்தனை தடவை அழிச்சு போட்டாலும் "ஆஃப்லைன்"னு தான் காட்டும்.

பிரிண்டர்ல ஸ்கிரீன் இருந்தா செட்டிங்ஸ்ல ஒய்ஃபை போய் பேரை செலக்ட் பண்ணி பாஸ்வேர்ட் அடிச்சா முடிஞ்சுது. ஸ்கிரீன் இல்லாத மாடல்னா கம்பெனியோட மொபைல் ஆப் வழியா பண்ணலாம், இல்ல ரவுட்டர்ல டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காம சேர்க்கிற வசதி) பட்டனை அமுக்கி 2 நிமிஷத்துக்குள்ள பிரிண்டர்லயும் அமுக்கணும். ரவுட்டர்ல ஒய்ஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும்னு செட் ஆகி இருந்தா டபிள்யூபிஎஸ் வேலை செய்யாது, வீணா பட்டனை அமுக்கிட்டு நிக்காதீங்க. இன்னொன்னு, வீட்டு பிரிண்டர் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தான் புடிக்கும், லிஸ்ட்ல உங்க ஒய்ஃபை பேரே வரலைன்னா 5 கிகாஹெர்ட்ஸ் பேரை தேடிட்டு இருக்கீங்களான்னு பாருங்க. கேபிள் போட வசதி இருக்கா, பிரிண்டர்ல லேன் போர்ட் இருக்கா, அப்போ யோசிக்காம கேபிளே போட்டுடுங்க, இந்த தலைவலி பாதி கிடையாது.

சேர்ந்துடுச்சுன்னு லைட் எரியுறத மட்டும் நம்பாதீங்க. பிரிண்டர் மெனுலயே நெட்வொர்க் ரிப்போர்ட்னு ஒரு பக்கம் பிரிண்ட் பண்ற ஆப்ஷன் இருக்கும் (ஸ்கிரீன் இல்லாததுல ஏதாவது பட்டனை கொஞ்ச நேரம் அமுக்கி புடிக்கணும், மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல இருக்கும்). அதுல ஐபி அட்ரஸை (நெட்வொர்க்ல பிரிண்டரோட முகவரி நம்பர்) பாருங்க. 192.168னு ஆரம்பிச்சா பெரும்பாலும் சரி. 169.254னு ஆரம்பிச்சா ரவுட்டர் அட்ரஸே குடுக்கல, பிரிண்டர் தானா ஒண்ணு வச்சிக்கிச்சுன்னு அர்த்தம். 0.0.0.0ன்னா கனெக்டே ஆகல.

அடுத்து கம்ப்யூட்டர்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் (ping, அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்குற கமாண்ட்) அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த அட்ரஸை போடுங்க. விண்டோஸ்ல 4 ரிப்ளை வரும். இங்க தான் நிறைய பேர் ஏமாறுறது, "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு (அந்த அட்ரஸை எட்ட முடியலன்னு அர்த்தம்) வர்றதையும் விண்டோஸ் ரிப்ளைனு தான் எண்ணும், கடைசில லாஸ் 0% னு கூட காட்டும், ஆனா அது உங்க கம்ப்யூட்டரே சொல்ற பதில். ரிப்ளை பிரிண்டரோட அட்ரஸ்ல இருந்து வருதான்னு பாருங்க. வரலைன்னா பெரும்பாலும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒண்ணை ஒண்ணு எட்ட முடியாம இருக்குன்னு அர்த்தம்: ஒண்ணு கெஸ்ட் ஒய்ஃபைல இருக்கும், இல்ல ரவுட்டர்ல ஏபி ஐசொலேஷன் (ஒய்ஃபைல இருக்கிறதுங்க ஒண்ணோட ஒண்ணு பேச விடாம தடுக்கிற செட்டிங்) ஆன்ல இருக்கும், இல்ல ரெண்டு ரவுட்டர் போட்டு ஒண்ணு 192.168.0, இன்னொண்ணு 192.168.1னு பிரிஞ்சு கிடக்கும்.

பிங் வந்துடுச்சா, அதே அட்ரஸை பிரவுசர்ல அடிங்க, பிரிண்டரோட சொந்த பக்கம் திறக்கும், மை அளவு எல்லாம் தெரியும்.

இப்போ முக்கியமான வேலை. ரவுட்டர் குடுக்கிற அட்ரஸ் நிரந்தரம் இல்ல, நாளைக்கு மாறலாம், நேத்து வரைக்கும் நல்லா இருந்த பிரிண்டர் திடீர்னு ஆஃப்லைன் ஆகுறதுக்கு அடிக்கடி இது தான் காரணம். ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல டிஹெச்சிபி ரிசர்வேஷன் (ஒரு ஐபிய ஒரே கருவிக்குன்னு ஒதுக்கி வைக்கிறது) போய் பிரிண்டரோட மேக் அட்ரஸுக்கு (பிரிண்டரோட சொந்த அடையாள நம்பர், அதே ரிப்போர்ட்ல இருக்கும்) ஒரு ஐபிய ஒதுக்கிடுங்க. பிரிண்டர்லயே கையால அட்ரஸ் போடுறதா இருந்தா ரவுட்டர் மத்தவங்களுக்கு பிரிச்சு குடுக்கிற வரிசைக்கு வெளிய இருக்கிற நம்பரா போடுங்க, இல்லைன்னா என்னைக்காவது ஒரு போனோட மோதும்.

விண்டோஸ்ல தானா கண்டுபுடிச்சு சேர்க்க விடாம, ஆட் மேனுவலி போய் ஐபி அட்ரஸ் வழியா சேர்த்துடுங்க. தானா சேர்த்தா பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி போர்ட்ல (விண்டோஸ் தானா பிரிண்டரை தேடி சேர்க்கிற வழி) போய் உக்காந்துக்கும், அது அப்பப்போ பிரிண்டரை தொலைச்சிடும்ங்கறது என் அனுபவம். ஐபி அட்ரஸ் வழியா சேர்த்தா வர்ற டிசிபி ஐபி போர்ட்னா, சாதாரணமா பிரிண்டரோட 9100ங்கற போர்ட் நம்பர் வழியா நேரா போகும். பிங் வருது, பிரவுசர் பக்கமும் திறக்குது, ஆனா விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன்னு அடம் புடிச்சா, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்ல போர்ட்ஸ், கான்ஃபிகர் போர்ட் போய் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டர்கிட்ட நிலைமை கேட்டு பாக்குற வசதி) டிக்கை எடுத்து பாருங்க. போன்ல இருந்துன்னா பிரிண்டர்ல அந்த வசதி இருந்தா ஐபோனுக்கு ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா, தனியா டிரைவர் தேவையில்ல.

டெஸ்ட் பேஜ் ஒண்ணு அடிச்சு பாருங்க, வந்துடுச்சேன்னு விட்டுடாம ரவுட்டரையும் பிரிண்டரையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, ரெண்டும் முழுசா எழுந்ததும் இன்னொரு தடவை அடிங்க. அதே ஐபியோட வந்தா விட்டுடலாம், மாறி இருந்தா ரவுட்டர்ல ரிசர்வேஷன் சேவ் ஆகல, திரும்ப போய் பாருங்க.