பேப்பர் நிருபரோடு எதில் மோதலாம், எதில் கூடாது

சென்னையில் தனியாக வலைப்பதிவு எழுதுகிற நிறைய பேர், காலைப் பேப்பரில் வந்ததைச் சாயங்காலம் தன் கருத்தைச் சேர்த்துத் திருப்பி எழுதுகிறார்கள். அதைப் படிக்க ஆள் எதற்கு வரவேண்டும்?

தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், கமிஷனர் ஆபீஸ் பிரஸ்மீட் எல்லாவற்றையும் பேப்பர் நிருபர்களுக்கே விட்டுவிடுங்கள். அடையாள அட்டையும் வருடக்கணக்கான பழக்கமும் உள்ள நிருபரை அங்கே முந்த முடியாது. உங்கள் இடம் வார்டு. மாநகராட்சியில் 200 வார்டு, எந்தப் பேப்பரும் வார்டுக்கு ஒரு நிருபர் வைக்க முடியாது, வைத்தாலும் பக்கத்தில் இடம் கிடைக்காது. 2015 டிசம்பர் 2 அன்று வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியாமல், 1878-ல் தொடங்கிய 'தி இந்து'வே சென்னையில் அச்சாகவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே சாப்பாடு என்பதை அங்கங்கே இருந்தவர்கள்தான் இணையத்தில் எழுதினார்கள் (வதந்தியும் சேர்ந்தே ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும்).

சரி, செய்முறைக்கு வருவோம். உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்டிப் பாதியில் நிற்கிறது என்று வையுங்கள். பேப்பரில் ஒரு படம், நாலு வரி வந்து முடிந்திருக்கும். அங்கிருந்து நீங்கள் தொடங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 'ஏன் வேலை நின்றது' என்று கேட்டால் ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். தெருப் பெயரைச் சொல்லி, பணி ஆணையின் நகல், முடிக்க வேண்டிய தேதி, ஒப்பந்ததாரருக்கு இதுவரை கொடுத்த தொகை, எம்-புக் பக்கங்களின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். எம்-புக் என்பது இன்ஜினியர் அளந்து எழுதும் புத்தகம். அதில் போட்டிருக்கிற மீட்டரை டேப் பிடித்துத் தெருவில் நீங்களே சரிபார்க்கலாம், டேப்போடு எடுத்த அந்த ஒரு படம் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குள் பேப்பர் வேறு பத்துச் செய்திக்குப் போயிருக்கும், உங்களுக்குத்தான் டெட்லைன் கிடையாதே.

எழுதுவதற்கு முன் வார்டின் ஏ.இ.க்கும் (உதவிப் பொறியாளர்) கவுன்சிலருக்கும் போன் போடுங்கள். எடுக்கவில்லையா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பேப்பரில் நிருபர் எழுதியதைச் செய்தி திருத்தும் டெஸ்க்கில் இன்னொருவர் குடைவார், வக்கீலும் இருப்பார். இங்கே எல்லாம் நீங்கள்தான். 'கொள்ளையடித்தார்' என்று ஒரு சொல் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அவதூறு வழக்கு வரலாம், 2 ஆண்டு வரை சிறை. 'எம்-புக்கில் இவ்வளவு, தெருவில் இவ்வளவு' என்று நிறுத்திக்கொள்ளுங்கள், படிக்கிறவருக்குக் கணக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் அதே செய்தி உங்கள் பெயர் இல்லாமல் பேப்பரில் வரும். கொதிக்காதீர்கள். தகவலுக்குக் காப்புரிமை கிடையாது, உங்கள் வரிகளுக்கும் படத்துக்கும் உண்டு. உங்கள் படத்தை அவர்கள் எடுத்துப் போட்டிருந்தால் ஒரிஜினல் ஃபைலோடு ஆசிரியருக்கு மெயில் அனுப்புங்கள். தகவல் மட்டும்தான் என்றால் அந்த நிருபரின் நம்பரை வாங்கி வையுங்கள்; அடுத்த மனுவை ஆபீஸில் இழுத்தடிக்கும்போது அவருடைய ஒரு போனுக்குக் கிடைக்கிற மரியாதை நம்முடைய மூன்று நினைவூட்டலுக்குக் கிடைக்காது.