டிஷ் நகரவில்லையா? ஆக்சுவேட்டரைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டியிருக்கும் தம்பி ஒருவர் ஐப்பசி மழையில் போன் செய்தார். எட்டடி வலை டிஷ், அதை ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்ப 24 அங்குல ஆக்சுவேட்டர், அதாவது மோட்டார் வைத்து நீண்டு சுருங்கும் குழாய். “அண்ணா, மோட்டார் போச்சுண்ணா. புதுசு வாங்கி மாட்டிட்டேன், அதுவும் ஓட மாட்டேங்குது” என்றார்.

போய்ப் பார்த்தேன். கழற்றிப் போட்டிருந்த பழைய ஆக்சுவேட்டரை எடுத்து, கார் பேட்டரியில் அதன் இரண்டு மோட்டார் முனைகளையும் தொட்டோம். மெதுவாகத்தான், ஆனால் சீராக ஓடியது. 12 வோல்ட்டில் ஓடுகிற மோட்டாருக்கு, வீட்டுக்குள்ளிருந்து அதை ஓட்டும் பொசிஷனர் பெட்டி கொடுக்கும் 36 வோல்ட்டில் என்ன வந்தது? வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். தேயிலைச் செடிக்கு அடியில் ஒரு ஒட்டு இருந்தது. மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைப் பொடியாகி, ஒரே ஒரு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

தம்பி மீட்டர் வைத்துப் பார்க்காதவர் அல்ல. டிஷ் பக்கம் வயரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார், 36 வோல்ட் காட்டியிருக்கிறது. அதனால் வயரில் குறை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சுமை இல்லாதபோது ஒற்றை இழை கூட முழு வோல்ட்டைக் காட்டும். மோட்டாரை இணைத்து, பொசிஷனரில் கிழக்கு பட்டனை அழுத்திப் பிடித்தபடி அதே இடத்தில் மீட்டரை வைத்தால் உண்மை தெரியும். அவர் வீட்டில் அப்போது 7 வோல்ட்கூட வரவில்லை.

ஒட்டே இல்லாவிட்டாலும் மெல்லிய வயர் இதே வேலையைக் காட்டும். 0.3 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டர், மின்தடை ஏறக்குறைய மூன்றரை ஓம். மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 10 வோல்ட் போய்விடும். 1 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் அதே தூரத்தில் இழப்பு 3 வோல்ட்தான். மலையில் வீடு ஒரு மட்டத்திலும் டிஷ் வேறொரு மட்டத்திலும் இருப்பது சகஜம், தூரம் கூடத்தான் செய்யும். வயரில் மிச்சம் பிடித்தால் கடைசியில் மோட்டார் மேல்தான் பழி விழும்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஐந்து நிமிடம், டிஷ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அசையவே இல்லையா? இரண்டு மூன்று வினாடி ஓடி நின்றுவிடுகிறதா? ஒரு பக்கம் மட்டும் போகிறதா? மூன்றும் வேறு வேறு நோய்.

ஓடி நிற்கிறது என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். ஆக்சுவேட்டருக்கு நாலு வயர் போகும். இரண்டு மோட்டாருக்கு, இரண்டு சென்சாருக்கு. உள்ளே பற்சக்கரத்தோடு சேர்ந்து காந்தம் சுற்றும், பக்கத்தில் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு ரீட் சுவிட்ச். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் அது மூடித் திறக்க, பொசிஷனர் அந்தத் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கும். சில வினாடி துடிப்பு வராவிட்டால் டிஷ் எங்கோ முட்டிக்கொண்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அதாவது அசைவைப் பொசிஷனரிடம் சொல்ல வேண்டியது ஊமையாகிவிட்டது, மோட்டாரில் குறை இல்லை. மீட்டரை பீப் நிலையில் வைத்து சென்சார் முனைகளில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை மோட்டாரைப் பேட்டரியில் ஓட்டச் சொல்லுங்கள். பீப்... பீப்... என்று சீராகக் கேட்டால் ரீட் நன்றாக இருக்கிறது, வயரைப் பாருங்கள். சத்தமே இல்லை, அல்லது தொடர்ந்து கத்துகிறது என்றால் ரீட் போய்விட்டது.

புது ரீட்டை மாட்டும்போது அதன் காலைக் கண்ணாடியை ஒட்டி மடிக்காதீர்கள், விரிசல் விடும். கண்ணாடிக்கும் மடிப்புக்கும் நடுவில் குறடால் பிடித்துக்கொண்டு மடியுங்கள். இன்னொன்று, மோட்டார் வயரையும் சென்சார் வயரையும் மாற்றி மாட்டுவது. 36 வோல்ட் ரீட்டுக்குள் போனால் அந்த நொடியே அதன் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். வயர் நிறத்தை நம்ப வேண்டாம், உங்களுக்கு முன்னால் கைவைத்தவர் எந்த நிறத்தை எங்கே மாட்டினாரோ. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போகிறது என்றால் முதலில் பொசிஷனர் மெனுவில் கிழக்கு, மேற்கு எல்லை எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். அது சரியாக இருந்தால் ஆக்சுவேட்டர் மூடிக்குள் இருக்கும் இரண்டு லிமிட் சுவிட்ச்சுகள். கடைசி எல்லையில் ஒரு கேம், அதாவது சுற்றி வரும் மேடு, வந்து அழுத்த, மின்சாரம் அறுபடும். திரும்பி வருவதற்காக ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று இருக்கும். எல்லைக்குப் போய்விட்டுத் திரும்பவே மாட்டேன் என்றால் டயோடு மேல் சந்தேகம். நடுவழியிலேயே ஒரு திசை மட்டும் மறுத்தால், துருப்பிடித்துத் திறந்தே நிற்கும் சுவிட்ச். இதற்காக சுவிட்ச்சின் இரண்டு காலையும் வயரால் சேர்த்துவிட்டு “ஓடுது பாருங்க” என்று காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும்தான். எல்லையில் நிற்காமல் ஓடி, குழாயை வளைத்துவிட்டோ டிஷ் விளிம்பைக் கம்பத்தில் இடித்துவிட்டோ நிற்கும்.

அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், வயர், அப்புறம்தான் மோட்டார். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் செம்பு இழையைச் சுற்றாதீர்கள். அடுத்த முறை மோட்டார் முட்டிக்கொண்டால் பொசிஷனரின் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பெட்டியைத் திறப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். வெளியே போவது 36 வோல்ட் என்றாலும் உள்ளே 230 இருக்கிறது. மோட்டார் தட்டினால் ஓடுகிறது, தட்டாவிட்டால் நிற்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்தோ சிக்கியோ இருக்கும். எல்லாம் சரி, இழுக்கத்தான் முடியவில்லை என்றால் ஆக்சுவேட்டரைப் பிரித்து, டிஷ்ஷைக் கையால் அசைத்துப் பாருங்கள். சுழலும் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

பிரிப்பதற்கு முன் டிஷ்ஷைக் கயிறு போட்டு இரண்டு பக்கமும் கட்டிவிட வேண்டும். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். எட்டடி டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு குழாய்தான். போல்ட்டை உருவியதும் டிஷ் ஒரு பக்கமாகச் சாயும், ஆடிக் காற்றில் என்றால் ஆளையும் சேர்த்துத் தள்ளும். மழைக்குப் பின் சரிவில் ஏணி நிற்காது, அவசரம் வேண்டாம். கழற்றிய பிறகு உள்குழாயைக் கையால் திருகிப் பார்ப்பதும் தவறு. மோட்டார் சும்மா இருக்க, குழாய் மட்டும் திருகாணியில் ஏறி இறங்கும். லிமிட் சுவிட்ச்சுக்கு அது தெரியாது, எல்லைக் கணக்கு மாறிவிடும். எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

இனி தண்ணீர். நீலகிரியில் ஆக்சுவேட்டரைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் முக்கியம். நடுவில் மஞ்சு வந்து மூடினால் நாள் கணக்கில் எதுவும் காயாது. மோட்டார் மூடியின் கீழே சிறு துளை இருக்கும். தண்ணீர் புகுந்துவிடுமே என்று அதை சிலிக்கான் போட்டு அடைப்பார்கள். உள்ளே வியர்க்கும் நீர் வெளியேறத்தான் அந்தத் துளை. அடைத்தால் பெட்டி குடமாகிவிடும். துளை கீழே பார்க்கும்படி ஆக்சுவேட்டர் உடலைத் திருப்பி கிளாம்ப்பை இறுக்குங்கள். அவ்வப்போது ஒரு குச்சியால் குத்தி விடுங்கள், எறும்பு மண் வைத்து மூடியிருக்கும். மூடியைத் திறக்கும்போது குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள், எனக்கு ஒருமுறை நன்றாகக் கிடைத்தது.

உள்குழாய் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டியிருந்தால் அதன் வழியாக வழியும் மழை நேராக மோட்டாருக்குப் போகும். மேலே மடிப்பு ரப்பர் உறை வேண்டும். கிழிந்த உறை இருப்பதைவிட இல்லாமலே இருப்பது மேல், கிழிசலில் புகுந்த தண்ணீர் அங்கேயே தேங்கும். வயரைப் பெட்டிக்குள் நேராக இறக்காமல், பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால் வழிந்து வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். ஊட்டியில் மார்கழி, தை மாதம் உறைபனி விழும் காலையில் திருகாணிக்குள் மெழுகாக நிற்கும், 36 வோல்ட்டும் முனகும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்து, லித்தியம் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும். துரு விடுவிக்கும் ஸ்பிரே நட்டைக் கழற்ற உதவும், கிரீஸ் வேலையை அது செய்யாது.

கடைசியாக, எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு. ரிப்பேர் முடிந்து டிஷ் நகர்கிறது, ஆனால் எந்தச் சேனலும் வரவில்லை. உடனே டிஷ் பின்னால் போய் சாய்வு போல்ட்டைத் தளர்த்திவிடுவார்கள். ஆக்சுவேட்டரைக் கழற்றி மாட்டியதில் பொசிஷனரின் துடிப்பு எண்ணிக்கைதான் மாறியிருக்கும், டிஷ்ஷைத் தாங்கித் திருப்பும் போலார் மவுன்ட்டின் சாய்வு அப்படியேதான் இருக்கிறது. அதைக் கலைத்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். ஊட்டி ஏறக்குறைய 11.4 டிகிரி வடக்கு, 76.7 டிகிரி கிழக்கு. 78.5 டிகிரி கிழக்கில் இருக்கும் தாய்காம் செயற்கைக்கோள் நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 76 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே டிஷ் 105.5 டிகிரி ஆசியாசாட்டுக்குப் போகும்போது கிழக்கே திரும்பி 54 டிகிரிக்கு இறங்க வேண்டும். முதலில் உச்சியில் இருப்பதைப் பிடியுங்கள். பட்டனை ஒவ்வொரு தட்டாகத் தட்டி சிக்னல் உச்சத்துக்கு வந்ததும் அந்த இடத்தைச் சேமித்து, பொசிஷனரில் மறுகணக்கு வசதி இருந்தால் அதைப் போடுங்கள். மற்றதெல்லாம் அதே அளவு தள்ளி வந்துவிடும்.

கோத்தகிரித் தம்பிக்கு அன்று இருட்டுவதற்குள் எல்லாம் கிடைத்துவிட்டது. ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு முழு வயர் இழுத்தோம். பழைய ஆக்சுவேட்டரையே திரும்ப மாட்டினோம். புதியது பரண் மேல், பெட்டியோடு இருக்கிறது.