வெளிநாட்டில் குடியேறும்போது எந்தச் சாமான்களைக் கப்பலேற்றுவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் குடியேறத் தீர்மானித்த குடும்பம் வீட்டுச் சாமான்களைத் தரம் பிரிக்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு பொருளைப் பற்றியும் முதலில் எழும் கேள்வி, அதை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதுதான். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே கிளைக்கின்றன. கடல்வழியே சாமான்களை அனுப்பித் தரும் நிறுவனங்கள் பொருளின் விலையைப் பார்த்துக் கட்டணம் வாங்குவதில்லை. அது அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கன மீட்டரில் அளந்து வாங்குகின்றன. மூவர் அமரும் சோபா ஒன்று ஏறத்தாழ 1.5 கன மீட்டருக்கு மேல் இடம் எடுக்கும். அதே இடத்தில் ஏறத்தாழ 30 புத்தகப் பெட்டிகள் அடங்கிவிடும். எனவே, போய்ச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இது பயன்படுமா, இதற்கு ஈடான ஒன்றை அங்கே என்ன செலவில் வாங்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே பழைய விலையைப் பற்றி நினைக்க வேண்டும்.

அந்த ஒப்பீட்டிலும் ஒரு பிழை நேர்கிறது. கப்பல் கட்டணத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பொதி கட்டும் கூலி, சேருமிடத் துறைமுகத்தில் இறக்கிக் கையாளும் கட்டணம், சுங்க அனுமதிச் செலவு, துறைமுகத்திலிருந்து வீடுவரை கொண்டுசேர்க்கும் செலவு ஆகியவற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இவை அனைத்தையும் கூட்டி, மொத்தக் கன அளவால் வகுத்து, ஒரு கன மீட்டருக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், கட்டிலா மேசையா என்ற வாக்குவாதங்கள் பாதி குறைந்துவிடும். 20 அடி கண்டெய்னர் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். ஒழுங்கற்ற வடிவமுள்ள சாமான்களை அதில் முழுமையாக நிரப்ப முடியாது என்பதால், அந்த எண்ணை அப்படியே நம்பித் திட்டமிடக் கூடாது.

குடியேறப்போகும் வீட்டின் அளவு தெரியாமலேயே பெரிய அறைகலன்களை ஏற்றிவிடுவது மற்றொரு பரவலான தவறு. முதல் சில மாதங்கள் சிறிய வாடகை வீட்டிலோ, ஏற்கெனவே அறைகலன்கள் உள்ள வீட்டிலோ கழியும் வாய்ப்பு அதிகம். அப்போது வந்து சேரும் சாப்பாட்டு மேசைக்கும் பெரிய அலமாரிக்கும் கிடங்கு வாடகை கட்ட நேரும். கட்டில் அளவுகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், கொண்டுபோகும் கட்டிலுக்குப் பொருந்தும் மெத்தையும் விரிப்பும் அங்கே கிடைக்காமல் போகலாம். ஈரப்பதம் மிகுந்த ஊரில் பழகிய கனமான மரச் சாமான்கள், குளிர்காலம் முழுவதும் சூடேற்றி வைத்திருக்கும் வீட்டின் வறண்ட காற்றில் சுருங்கி வெடிப்பதும் உண்டு.

மின்சாதனங்களைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 230 வோல்ட். சாதனத்தின் பின்புறப் பட்டையில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். மடிக்கணினியும் கைப்பேசி சார்ஜரும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்ற மோட்டார் உள்ள சாதனங்களின் நிலை வேறு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர, ஹெர்ட்ஸில் குறிக்கும் அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்காக வடிவமைத்த சாதாரண மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடி, சூடாகிக் கெடக்கூடும். இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேற்றும் சாதனங்களோ அதிக மின்சாரம் இழுப்பவை. அவற்றுக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்பார்மர் அவற்றைவிடக் கனமாகவும் பெரும்பாலும் விலை கூடியதாகவும் இருக்கும்.

புறப்படுவதற்கு முன் புதிய சாமான்களை வாங்கிக் குவிப்பது சேமிப்பு போலத் தோன்றும்; சுங்கத்தில் அது செலவாக மாறும். குடிபெயர்வோருக்கு வழங்கப்படும் வரிவிலக்கு பல நாடுகளில் பயன்படுத்திய சாமான்களுக்கே உரியது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அந்தப் பொருளைக் குறைந்தது 6 மாதங்கள் உடைமையாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும்; அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்கு அது ஓராண்டு. கனடாவில் குடியேறுவோர், பின்னர் வந்து சேரவிருக்கும் சாமான்களின் பட்டியலை முதல் நுழைவின்போதே சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த விதிகளைப் பொதி கட்டிய பிறகு படிப்பதைவிட, எதைக் கொண்டுபோவது என்று தீர்மானிக்கும் முன்பே சேரும் நாட்டின் சுங்கத் துறை இணையதளத்தில் படித்துவிடுவது மிகவும் அவசியம்.

தாவர, விலங்குப் பொருள்களிலும் இதே கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உயிரிப் பாதுகாப்பில் மிகக் கண்டிப்பானவை: காலணி அடியில் ஒட்டிய மண், தோட்டக் கருவிகள், பிரம்பு, வைக்கோல், விதை கோத்த மாலை ஆகியவை பரிசோதனைக்கு உள்ளாகலாம், சுத்திகரிக்கும் செலவும் அழிக்கும் செலவும் உரிமையாளரின் தலையிலேயே விழும். மரப்பெட்டியில் பொதி கட்டுவதானால், மரத்தின் மையப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தியது போன்ற அங்கீகரித்த முறையைக் காட்டும் சர்வதேச முத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட், எரிவாயு உருளை, தெளிப்பான் டப்பா போன்ற தீப்பற்றும் பொருள்களை எந்தப் பொதியிலும் வைக்கவே கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறாக நான் கருதுவது எதிர்த்திசையில் நடப்பது. சோபாவை ஏற்றுவதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசிக்கும் குடும்பம், கடைசி இரண்டு நாள் அவசரத்தில் பழைய கடிதங்கள், அச்சிட்ட புகைப்படங்கள், குழந்தைகள் வரைந்த ஓவியங்கள், பாட்டியின் கையெழுத்தில் உள்ள சமையல் குறிப்பு நோட்டு ஆகியவற்றைக் குப்பையோடு அனுப்பிவிடுகிறது. இவை எல்லாம் சேர்ந்தாலும் இரண்டு பெட்டிகளைத் தாண்டாது. கட்டணக் கணக்கில் இவற்றின் பங்கு மிகச் சிறியது. எந்த நாட்டுக் கடையிலும் இவற்றை மறுபடி வாங்க முடியாது. ஆகவே பிரிக்கும் வேலையை இந்தச் சிறு பொருள்களிலிருந்தே தொடங்க வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, யாரும் கேள்வி கேட்காத ஒரு பெட்டியைக் கொடுத்துவிடுவது நல்லது. அந்நிய ஊரில் முதல் சில மாதங்களைக் கடக்கும் ஒரு குழந்தைக்குத் தன் பழைய போர்வையும் கதைப்புத்தகங்களும் தரும் நிம்மதியை எந்தக் கட்டணப் பட்டியலும் அளக்காது. பெரியவர்கள் தாங்களாகவே தீர்மானித்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும்போது அவர்களுடைய பொருள்களைத் தானம் கொடுத்துவிடுவது நெடுநாள் ஆறாத வருத்தமாகத் தங்கிவிடும்.

முடிவெடுக்க முடியாதவற்றை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று உறவினர் வீட்டில் விட்டுச்செல்வதும் உண்டு. அவர்களுக்கு அது சுமை. பிரிட்டனைப் போலக் குடியேறிய 12 மாதங்களுக்குள் சாமான்கள் வந்து சேர வேண்டும் என்ற விதி உள்ள நாடுகளில் வரிவிலக்கும் பறிபோகும்.

மறுபடி பெற முடியாத ஆவணங்களை எந்தச் சூழலிலும் கண்டெய்னரில் வைக்காதீர்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பல், மீட்கப்பட்ட பிறகும் இழப்பீட்டு வழக்கால் ஜூலை வரை சரக்கோடு எகிப்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கல்விச் சான்றிதழ்கள், பிறப்பு, திருமணப் பதிவுகள், மருந்துகள், நகைகள், புகைப்படங்கள் உள்ள ஹார்டு டிஸ்க் ஆகியவை கைப்பையிலேயே வர வேண்டும். அந்தக் கப்பலின் உரிமையாளர் பொதுச் சராசரியையும் அறிவித்தார். அதாவது கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன அசாதாரணச் செலவைக் கப்பல் உரிமையாளரோடு சேர்ந்து சரக்கின் சொந்தக்காரர்கள் அனைவரும், தங்கள் பொருளுக்குச் சேதமே இல்லாவிட்டாலும், பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய விதி. கடல்வழிக் காப்பீடு எடுத்தால், பொதுவாகக் காப்பீட்டு நிறுவனமே அந்தப் பங்கைச் செலுத்தும்.

காப்பீட்டுத் தொகையைப் பழைய கொள்முதல் விலையில் அல்லாமல், சேருமிடத்தில் அதே பொருளை மறுபடி வாங்க ஆகும் விலையில் குறிப்பிடுங்கள். நாமே கட்டிய பெட்டிக்குள் பொருள் உடைந்தால் பல பாலிசிகள் இழப்பீடு தருவதில்லை என்பதால், கண்ணாடி, பீங்கான் பொருள்களை நிறுவனத்தின் ஆட்களையே கட்டச் சொல்ல வேண்டும். "இதர சாமான்கள்" என்று ஒரு பெட்டியின் மேலும் எழுத விடாமல், உள்ளே இருப்பதை எண்ணோடு பட்டியலிட்டு, அதன் ஒரு நகலைப் பயண ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சுங்க அதிகாரியும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.