பொது நிலத்தில் வீடு: மனைக்கு விலை வைப்பது எப்படி?

நகராட்சியிடம் காலி நிலம் இருக்கிறது, வீடு கட்டக் கொடுக்கப் போகிறார்கள் என்றால் முதலில் எழும் கேள்வி, ‘எவ்வளவுக்குப் போகும்?’ என்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள், மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்தால் நிலத்தின் விலை அதிலிருந்தே வந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வீடு கட்ட 13 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமானாலும் சரி. மாத வாடகை 10,000 என்றால் பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் 2,500 போக ஆண்டுக்கு 90,000 நிற்கும். போட்ட பணத்துக்கு 6 சதவீதம் வரவேண்டும் என்றால் இந்த வருமானம் 15 லட்சம் முதலீட்டைத் தாங்கும், அதாவது நிலத்துக்கு 2 லட்சம். அதே வீட்டை 30 லட்சத்துக்கு விற்றால், கட்டுமானம், விற்பனைச் செலவு, லாபம் என்று 18 லட்சம் போனாலும் நிலத்துக்கு 12 லட்சம் மிஞ்சும். இப்போது வாடகையை 6,000 ஆக்குங்கள். பராமரிப்புச் செலவு குறையாது. மிச்சமுள்ள 3,500 தாங்குவது 7 லட்சத்தைத்தான், கட்டுமானத்துக்கே 6 லட்சம் துண்டு விழுகிறது! நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் போதாது, மானியமும் வேண்டும்.

ஆக, ஒரே மனைக்கு மூன்று விலை. பொது ஏலம் விட்டால் விற்பனைக்குக் கட்டுபவர்தான் ஜெயிப்பார், அதனால் எந்த வகை வீட்டுக்கு எவ்வளவு என்று ஏலத்துக்கு முன்பே பங்கைப் பிரித்துவிட வேண்டும். ஆம்ஸ்டர்டாம் 2017இல் புதிய திட்டங்களுக்கு 40 சதவீதம் சமூக வாடகை (வருமானம் குறைந்தவர்களுக்கான வாடகை வீடுகள்), 40 நடுத்தரம், 20 உயர்விலை என்று வைத்தது. பங்கு பிரித்த பிறகு வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள், ரயில் பாதையை ஒட்டிய மனைகள் மட்டும் குறைந்த வாடகைக்காரர்களுக்குப் போயிருந்தால் அது அநியாயம்.

கட்டுபவரைத் தேர்ந்தெடுக்க, விலையை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டுத் தரத்தில் போட்டி வையுங்கள். வியன்னா 1995 முதல் இதைச் செய்கிறது, வடிவமைப்பு, செலவு, சுற்றுச்சூழல், சமூகப் பயன் ஆகியவற்றை ஒரு நடுவர் குழு சேர்த்துப் பார்க்கிறது.

அப்புறம், முடிந்தவரை நிலத்தை விற்காதீர்கள், குத்தகைக்கு விடுங்கள். ஆம்ஸ்டர்டாமில் 1896 முதல் இந்த முறை உண்டு, சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகைதான். ஆனால் குத்தகைத் தொகையை எப்போது, எந்தச் சூத்திரப்படி மாற்றுவீர்கள் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் பல ஆண்டு கழித்து ஒரே மூச்சில் ஏறும் தொகை குடியிருப்பவர் தலையில் விழும்.

சலுகை விலையில் கொடுத்த வீட்டுக்கு மறுவிற்பனை நிபந்தனை கட்டாயம் வேண்டும். சிங்கப்பூரில் வாங்கியவர் பொதுவாக 5 ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம். மிக நல்ல இடங்களில் 2021இல் கொண்டுவந்த திட்டத்தில் இது 10 ஆண்டு, விற்கும்போது அந்த வீடுகளுக்குத் தந்த கூடுதல் மானியத்துக்கு ஈடாக விலையில் ஒரு பங்கையும் திருப்பிக் கட்ட வேண்டும். வாடகை வீடென்றால் கட்டடம் கைமாறினாலும் வாடகை வரம்பு செல்லும் என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.