உயர் அழுத்தத்தில் அம்மோனியாப் பனியும் தண்ணீர்ப் பனியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மோனியாவால் குளிரூட்டும் மாம்பழக்கூழ் ஆலைகளும் குளிர்பதனக் கிடங்குகளும் ஐஸ் ஃபேக்டரிகளும் உள்ள கிருஷ்ணகிரி வட்டாரத்து மாணவர்களில் பலர், பாடப்புத்தகத்துக்கு முன்பே அம்மோனியாவை மூக்கால் அறிந்தவர்கள். அந்தப் பழக்கத்தோடு ஒரு தவறும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கம்ப்ரசர் மீட்டரைப் பார்த்து "பதினாலு கிலோ நிக்குது" என்று ஆபரேட்டர் சொன்னால், அது சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ, அதாவது சுமார் 1.4 மெகாபாஸ்கல். அந்த அழுத்தத்தில் அம்மோனியா வாயு கண்டென்சரில் திரவமாகுமே தவிர உறையாது. அறை வெப்பநிலையில் அது திண்மமாக வேண்டுமானால் ஏறத்தாழ 1 கிகாபாஸ்கல், அதாவது 700 மடங்கு அழுத்தம் வேண்டும். நம் கிரானைட் பாறையையே 37 கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால்தான் அதன் அடியில் அவ்வளவு அழுத்தம் உண்டாகும். ஆகவே "உயர் அழுத்தம்" என்ற சொல்லைக் கண்டதும் முதலில் அலகைப் பாருங்கள். பழைய கட்டுரைகளில் கிலோபார் என்றிருக்கும். 10 கிலோபார் சேர்ந்தது 1 கிகாபாஸ்கல்.

அடுத்த தவறுதான் விடைத்தாள்களில் மிகுதி: "அழுத்தினால் பனிக்கட்டி உருகும்" என்பதைப் பொது விதியாக எழுதிவிடுவது. சாதாரணப் பனிக்கட்டியில் ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கோக்கப்பட்டு, நடுவே வெற்றிடம் மிகுந்த சட்டகமாக நிற்பதால், அதன் அடர்த்தி (கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம்) திரவத்தைவிடக் குறைந்து போகிறது. குறைந்த இடத்தில் அடங்கும் நிலைக்கே அழுத்தம் சாதகமானது என்பதால், அழுத்தம் கூடக் கூட உருகுநிலை இறங்குகிறது. ஆனால் இந்த இறக்கம் சுமார் 210 மெகாபாஸ்கலில், −22 டிகிரி செல்சியஸில் முடிந்துவிடுகிறது. அங்கே திரவத்தைவிட அடர்ந்த, பனிக்கட்டி 3 என்று எண்ணிட்ட வேறொரு படிக வகை தோன்றுகிறது. அதன் பிறகு உருகுநிலை ஏறுமுகம்தான். 2.2 கிகாபாஸ்கலில் அது 82 டிகிரியை எட்டிவிடும். பனிக்கட்டி என்றால் கை சில்லிட வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்தில் செல்லாது.

அம்மோனியாவில் அந்த இறங்குமுகமே இல்லை. அதன் மூலக்கூறில் ஹைட்ரஜன் மூன்று, அண்டை மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிணைப்பில் ஏற்கும் தனி எலக்ட்ரான் இணையோ ஒன்றுதான். தண்ணீரில் இரண்டுக்கு இரண்டு என்று அமைந்த பொருத்தம் இங்கே இல்லாததால், திறந்த சட்டகம் உருவாகாமல் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படுகின்றன. உருகுநிலையை ஒட்டித் திரவத்தின் அடர்த்தி சுமார் 0.73, திண்மத்தின் அடர்த்தி சுமார் 0.82. எனவே திண்ம அம்மோனியா தன் திரவத்தில் மூழ்கும். −78 டிகிரியில் தொடங்கும் உருகுநிலை அழுத்தத்தோடு ஏறிக்கொண்டே போகும். எது அடர்த்தி மிகுந்தது என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் இரண்டு பொருள்களின் உருகுநிலைக் கோடுகளின் போக்கையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

படிக வகைகளின் எண்களை நம்பி ஏமாறுவதும் உண்டு. பனிக்கட்டி வகைகளுக்கு எண்ணிட்டது அழுத்த வரிசையில் அன்று. பனிக்கட்டி 11 சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே, 72 கெல்வினுக்குக் கீழே உருவாகிறது. பனிக்கட்டி 3-க்கும் அம்மோனியா 3-க்கும் எண்ணைத் தவிர எந்த உறவும் இல்லை.

இரண்டையும் கலந்தால் பண்புகளும் சராசரியாகும் என்று நினைப்பது, என் கணிப்பில், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. எடையில் மூன்றில் ஒரு பங்கு அம்மோனியா உள்ள கரைசல் −97 டிகிரி வரை உறையாமல் இருக்கும். இது இரண்டு தூய பொருள்களின் உருகுநிலைக்கும் கீழே. சனியின் துணைக்கோளான டைட்டனின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கடலைப் பற்றிப் பேசுவோர் அம்மோனியாவை விடாமல் குறிப்பிடுவதற்கு இதுவே காரணம். உறையும்போதும் அது தனித்தனிப் படிகங்களின் கலவையாகவே இருந்துவிடுவதில்லை. அம்மோனியாவும் தண்ணீரும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்த ஹெமிஹைட்ரேட், மோனோஹைட்ரேட் (ஒன்றுக்கு ஒன்று), டைஹைட்ரேட் என்று மூன்று சேர்மங்கள் உண்டு. அழுத்தம் இவற்றைப் பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். மோனோஹைட்ரேட்டை அறை வெப்பநிலையில் சுமார் 6.5 கிகாபாஸ்கலுக்குக் கொண்டுபோனால், ஒரே படிக இடத்தில் இங்கே தண்ணீர், அங்கே அம்மோனியா என்று ஒழுங்கின்றி அமர்ந்த உலோகக்கலவை போன்ற திண்மம் கிடைக்கிறது. எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் எந்த வகை நிலைக்கும் என்று காட்டும் தூய பனிக்கட்டியின் வரைபடத்தில் இதைத் தேடிப் பயனில்லை.

இன்னும் மேலே போனால் மூலக்கூறே நிலைப்பதில்லை. பனிக்கட்டி 10-இல் ஹைட்ரஜன் இரண்டு ஆக்சிஜன்களுக்கு நட்டநடுவே வந்துவிடுவதால், எது எந்த மூலக்கூறுக்குச் சொந்தம் என்று கேட்பதில் பொருளில்லை. அம்மோனியா வேறு வழியில் போகிறது: ஒரு மூலக்கூறின் புரோட்டான் இன்னொன்றுக்குத் தாவி, அம்மோனியம் அயனியும் அமைடு அயனியும் அடுத்தடுத்து அமைந்த அயனிப் படிகமாகிறது. 2008-இல் கணக்கீடு முன்கூட்டிச் சொன்ன இந்நிலையை 2014-இல் வெளியான சோதனைகள் 150 கிகாபாஸ்கலை ஒட்டிய அழுத்தத்தில் கண்டன.

யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றைப் பனி அரக்கக் கோள்கள் என்பதால் உள்ளே உறைபனி கிடப்பதாகக் கற்பனை செய்ய வேண்டாம். அங்கே வெப்பநிலை ஆயிரக்கணக்கான கெல்வின். ஆக்சிஜனோ நைட்ரஜனோ படிக இடத்தில் நிற்க, ஹைட்ரஜன் மட்டும் திரவம்போல் ஓடும் நிலை அங்கே இருக்கக்கூடும் என்று 1999-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். தண்ணீரில் அதற்கான சோதனைச் சான்று 2018-இல் லேசர் அதிர்வலைகளைக் கொண்டு கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் "உட்புறம் குளிர்ந்து உறைந்தது" என்று எழுதும் விடைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.