பெடல் கழல மறுக்கிறதா?

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஓட்டிவிட்டு, அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்தில் சாரல் படும்படி நிறுத்திய சைக்கிளா? உப்புக்காற்றில் பெடல் மரை இறுகிப்போயிருக்கும். முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, மரை விளிம்பில் பெனிட்ரேட்டிங் ஆயில் (இடுக்குக்குள் ஊடுருவும் எண்ணெய்) அடியுங்கள். பலரும் எடுக்கும் சாதாரண டபிள்யூடி-40 ஸ்ப்ரே, 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. துருவுக்கென்றே விற்கும் எண்ணெய் இன்னும் மேல். அடித்த கையோடு ஸ்பேனரைப் பிடிக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். நடுவே சுத்தியலால் லேசாகத் தட்டினால், அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். காலையில் நூலளவு இறுக்கிப் பாருங்கள், அப்புறம் கழற்றுங்கள்.

இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்த்திசை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நான் அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்தேன்! எண்ணெய் ஈரமிருக்கும்போது தீ மட்டும் காட்டவே கூடாது.